கப் சொல்வதும் ரோல் கேட்பதும்: கஞ்சி, பிரிண்டிங் பசை ஓடும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைசிங் மில்லில் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, அறாமல் இருக்கப் போடும் கஞ்சி; பிரிண்டிங் பட்டறையில் சாயத்தைத் தாங்கும் பசை. என் பிழைப்பு இந்த இரண்டோடும்தான். ஈரோடு, பள்ளிபாளையம், சோமனூர் வட்டாரத்தில் மாஸ்டர்களும், கஞ்சி வேகும் குக்கரைப் பார்க்கும் பையன்களும், சில முதலாளிகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

கஞ்சியும் பிரிண்டிங் பசையும் வேறு வேறு சங்கதி. ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

இரண்டுமே தண்ணீரில் கரைந்த பாலிமர், அதாவது நீளச் சங்கிலி மூலக்கூறு. ஸ்டார்ச், பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்), சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்), ஆல்ஜினேட், கொத்தவரைப் பிசின், அக்ரிலிக் என்று பெயர்தான் மாறுகிறது. நூற்றுக்கு 90 பங்கு தண்ணீராகவே இருந்தாலும் இவை எதுவும் தண்ணீர் மாதிரி ஓடாது. சைசிங்கில் பாவு அறுவதற்கும் பிரிண்டிங்கில் டிசைன் கசிவதற்கும் அடியில் இருக்கும் காரணம் பல நேரம் ஒன்றுதான்.

அப்படி என்ன தண்ணீரிலிருந்து வேறுபடுகிறது?

பிவிஏ மூட்டையில் 1788 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் 17 என்பது ஒரு சங்கிலியில் சுமார் 1,700 கண்ணிகள் என்பதற்கு. 88 என்பது ஹைட்ராலிசிஸ் சதவீதம், அதாவது சங்கிலியின் அசிடேட் குழுக்களில் எத்தனை சதவீதம் ஆல்கஹாலாக மாறியிருக்கிறது என்பது. அந்தச் சங்கிலி ஒன்றை 1 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பெருக்கிப் பார்த்தால் நீளம் முக்கால் மீட்டரைத் தாண்டும். அப்படிப்பட்ட கயிறுகள் கோடிகோடியாகத் தண்ணீரில் சுருண்டு கிடக்கின்றன. கரைசல் நீர்த்திருந்தால் ஒவ்வொரு சுருளும் தனித்தனி. கொஞ்சம் கெட்டியானதும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு மாவு இரட்டித்தால் கெட்டித்தன்மையும் இரட்டிக்கும் என்ற கணக்கு செல்லாது. பத்து மடங்கு, பதினைந்து மடங்கு என்று எகிறும்.

0588 ரகத்தில் சங்கிலி நீளம் சுமார் 500 கண்ணிதான். 4 சதவீதக் கரைசலின் பாகுநிலை (விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மையின் அளவு; அலகு சென்டிபாய்ஸ்) 5 பக்கம் நிற்கும். 1788-ஐ அதே 4 சதவீதத்தில் கரைத்தால் 20-ஐத் தாண்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைக் குருணை. மூட்டை மாறினால் அன்று முழுக்கத் தலைவலி.

இவையெல்லாம் உண்மையிலேயே நீண்ட ஒற்றைச் சங்கிலிகள் என்று 1920-இல் ஸ்டாடிங்கர் எழுதியபோது வேதியியல்காரர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டி நிற்கின்றன என்பதே அவர்கள் வாதம். 1953-இல்தான் அவருக்கு நோபல் வந்தது.

கப்பில் (அடியில் துளையுள்ள கிண்ணம்; காலியாகும் செகண்டை எண்ணுவோம்) பிடித்தால் போன லாட்டும் இந்த லாட்டும் ஒரே செகண்ட். ஆனால் பிக்அப் (நூல் ஏற்றிக்கொள்ளும் கஞ்சியின் அளவு) வேறாக வருகிறது. கப் கெட்டுவிட்டதா?

கப் நன்றாகத்தான் இருக்கிறது. அதனிடம் கேட்ட கேள்விதான் போதாது.

தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ பாகுநிலை என்பது, வெப்பநிலை மாறாத வரை, ஒரே எண். மெதுவாகக் கிளறினாலும் வேகமாகக் கிளறினாலும் அதுதான். பாலிமர் கரைசலுக்கு அப்படி ஒரு எண் கிடையாது. மெதுவாக ஓடும்போது சிக்கிய கயிறுகள் சிக்கியே கிடக்கும், கெட்டியாகத் தெரியும். வேகமாக ஓடவைத்தால் கயிறுகள் ஓட்டத்தின் திசையில் நீண்டு, சிக்கல் விடுபட்டு, ஒன்றை ஒன்று உரசாமல் வழுக்கும், இளகிவிடும். ஓட்டம் நின்றால் பழையபடி சுருண்டு சிக்கும். இதை ஷியர் தின்னிங் என்பார்கள். ஷியர் என்றால் திரவம் அடுக்கு அடுக்காக ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் வேகம்.

சிக்கல் இங்கேதான். எல்லாப் பாலிமரும் ஒரே அளவுக்கு இளகுவதில்லை. சங்கிலியை நறுக்கி மாற்றிய தின் பாய்லிங் ஸ்டார்ச் அதிகம் இளகாது. நீளச் சங்கிலி சிஎம்சி நிறைய இளகும். கப்பின் துளையில் இருக்கும் வேகத்தில் இரண்டும் ஒரே செகண்ட் காட்டலாம். நூலிலிருந்து கூடுதல் கஞ்சியைப் பிழியும் ஸ்க்வீஸ் ரோலின் இடுக்கில் வேகம் அதைவிடப் பல மடங்கு. அங்கே ஒன்று மோர், இன்னொன்று கூழ். நூல் நனைந்தபின் உலர்த்தும் சிலிண்டரைத் தொடும்வரை கஞ்சி கிட்டத்தட்ட அசைவற்று நிற்கிறது. அங்கே கதை இன்னொரு தினுசு. கப் இதில் நடுவில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்த்துச் சொல்கிறது. அதுவும், கப் காலியாகக் காலியாகத் துளையின் மேல் அழுத்தம் குறைந்துகொண்டே போவதால், ஒரே வேகத்தில் பார்த்த எண் கூட அல்ல.

சரி, வேறு எப்படித்தான் பார்ப்பது?

இரண்டு வேகத்தில் பாருங்கள். சுழலும் ஸ்பிண்டில் வைத்த விஸ்காமீட்டர் பெரும்பாலான லேப்களில் இருக்கிறது. ஒரே ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 2 சுற்றிலும் 20 சுற்றிலும் ஓட்டி, இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

ஒரு பிரிண்டிங் பசையை எடுத்துக்கொள்வோம். 2 சுற்றில் 60,000 சென்டிபாய்ஸ், 20 சுற்றில் 15,000 என்று வைப்போம். வேகம் பத்து மடங்கு கூடியதில் பாகுநிலை கால்வாசியாகிவிட்டது. அதே போக்கில் வேகத்தை இன்னும் ஆயிரம் மடங்கு கூட்டினால்? ஒவ்வொரு பத்து மடங்குக்கும் நான்கால் வகுக்க வேண்டும், மூன்று முறை. 15,000-ஐ 64-ஆல் வகுத்தால் 235 சென்டிபாய்ஸ் பக்கம் வரும். நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் இடைப்பட்ட ஒன்று. கரண்டியை நட்டால் நிற்கிற பசை, ஸ்கிரீன் துளை வழியே பசையைத் தள்ளும் ஸ்க்வீஜி பிளேடின் முனையில் எண்ணெய் மாதிரி ஓடித் துளையில் இறங்குகிறது.

ஆயிரம் மடங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். துணியும் ஸ்கிரீனும் நிமிடத்துக்கு 30 மீட்டர் போகின்றன, பிளேடு நிற்கிறது. அதாவது விநாடிக்கு அரை மீட்டர். பிளேடு முனையில் பசையின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்றால், அரை மீட்டரை 0.0001 மீட்டரால் வகுக்க, ஷியர் வேகம் விநாடிக்கு 5,000. ஸ்பிண்டில் 20 சுற்றில் இருப்பது விநாடிக்குச் சில என்ற அளவு. ஆயிரம் மடங்கு குத்துமதிப்புதான். இவ்வளவு தூரம் கோட்டை நீட்டிக் கணக்குப் போடுவதும் துல்லியமல்ல. ஆனால் இரண்டு பசையை ஒப்பிட இது போதும். 20 சுற்றில் அதே 15,000, 2 சுற்றில் 25,000 மட்டும் காட்டும் பசை வந்தால், அது பிளேடுக்குக் கீழே 3,000-க்கு மேல் நிற்கும். பாதித் துளை அடைபடும். கப்பிலோ ஒற்றை எண்ணிலோ இந்த இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

அப்படியானால் கப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரே ரெசிபி, ஒரே வெப்பநிலை, ஒரே மில் என்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் மாற்றம் உண்டா என்று முப்பது விநாடியில் சொல்லும். ரெசிபி மாறிய அன்று மட்டும் அதை நம்பாதீர்கள்.

ரெசிபி அதே, மூட்டை அதே. இன்றைக்குக் கஞ்சி நீர்த்திருக்கிறது. ஏன்?

முதலில் ஸ்டீமைப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு முறை அங்கேதான் முடியும்.

குக்கரில் நேரடியாக ஸ்டீம் விட்டுத்தான் பெரும்பாலும் வேகவைக்கிறோம். விட்ட ஸ்டீம் முழுக்கத் தண்ணீராகிக் கஞ்சியில் சேர்கிறது. எவ்வளவு? ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 95-க்கு ஏற்ற சுமார் 270 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ ஸ்டீம் குளிர்ந்து நீராகும்போது சுமார் 2,270 கிலோஜூல் தருகிறது. ஆக, 1,000 கிலோ கலவைக்கு 110 முதல் 120 கிலோ தண்ணீர் தானாகச் சேரும். ஸ்டீம் லைனில் டிராப் (குழாயில் தேங்கும் நீரை வெளியேற்றும் வால்வு) சரியில்லை, ஈர ஸ்டீம் வருகிறது என்றால் இன்னும் கூடும்.

880 லிட்டர் தண்ணீரில் 120 கிலோ மாவு போட்டு 12 சதவீதம் என்று எழுதிவைத்திருப்பீர்கள். வெந்து முடிந்ததும் அது 10.8 சதவீதம். ஒன்றேகால் சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் சிக்கிய கரைசலில் பாகுநிலை, அடர்த்தியின் மூன்று நான்கு மடி அடுக்கில் மாறும். நான்கு என்று வைத்தால் 0.9-ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 0.66. அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்குப் பாகுநிலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மழை நாளில் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி, கோடையில் 34 டிகிரி. அந்த வித்தியாசமே ஸ்டீமின் அளவை மாற்றும். ஐப்பசியில் கஞ்சி நீர்க்கிறது என்று மாஸ்டர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

தண்ணீரை முதலிலேயே குறைத்து விட்டு, வெந்தபின் அளவுகோல் போட்டு மட்டம் நிரப்புங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் (திடப்பொருள் சதவீதம் காட்டும் கருவி) ஒரு சொட்டு வைத்துப் பார்த்தபின், நூல் முங்கும் சைஸ் பாக்ஸுக்குத் திறந்துவிடுங்கள். சைஸ் பாக்ஸிலும் ஓட்டைக் குழாய் வழியாக ஸ்டீம் விடுகிறீர்கள் என்றால், பீம் (பாவு சுற்றிய உருளை) ஓட ஓட அங்கேயும் நீர்த்துக்கொண்டே போகும். பீமின் தலைப்பும் கடைசியும் ஒன்றாக நெய்யாததற்கு அதுவும் ஒரு காரணம்.

குக்கரில் கெட்டியாக ஏறி, பிறகு தானே இளகுகிறதே? கெட்டியாக இருக்கும்போதே இறக்கிவிடலாமா?

கூடாது. ஸ்டார்ச் மணிகள் 60, 70 டிகிரியில் தண்ணீர் குடித்துப் பல மடங்கு ஊதும். எல்லாம் ஊதி ஒன்றையொன்று நெருக்கும்போது உச்சக் கெட்டி. அதற்குமேல் சூடும் கிளறலும் சேர்ந்து மணிகளை உடைத்தபின்தான் சங்கிலிகள் தண்ணீருக்குள் வரும். உச்சத்தில் இறக்கினால் உங்களிடம் இருப்பது கரைசல் அல்ல, ஊதிய மணிகளின் கூட்டம். அது நூலுக்குள் நுழையாது. 90 டிகிரிக்கு மேல் வைத்து, பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை விடுங்கள்.

விஸ்காசிட்டி கூட இருந்தால் பிக்அப் கூடும், அது நல்லதுதானே?

பிக்அப் கூடும், ஆமாம். ஈரப் பிக்அப் 100 சதவீதம், கஞ்சியில் திடப்பொருள் 12 சதவீதம் என்றால் நூலில் ஏறுவது 12 சதவீதம். பருத்திக்கு வழக்கமாக வேண்டியதும் அந்த அளவுதான். ஆனால் எங்கே ஏறியது என்பது முக்கியம். கெட்டிக் கஞ்சி நூலுக்குள் இறங்காமல் மேலே சட்டை மாதிரி நிற்கும். காய்ந்த நூலைப் பிரிக்கும் கம்பியான லீஸ் ராடில் இழை பிரியும்போதே உரியும். தறியில் மீதி உதிரும். தறிக்கு அடியில் வெள்ளைத் தூள் குவிந்திருந்தால் குனிந்து விரலால் தொட்டுப் பாருங்கள். உங்கள் கஞ்சிதான் அது. ரொம்ப நீர்த்திருந்தால் உள்ளே ஊறிப்போய் மேலே பூச்சே இருக்காது. நூல் விறைக்கும், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் அடங்காது.

மெஷினை மெதுவாக்கினால் அந்த இடத்துப் பாவு மட்டும் தறியில் அறுகிறது. வேகத்துக்கும் கஞ்சிக்கும் என்ன?

இரண்டு ரோலும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் பிளேடுக்குப் போட்ட கணக்கு இங்கே செல்லாது. நூலோடு இழுத்துவரப்பட்ட கஞ்சி, ஆப்பு மாதிரி குறுகும் இடுக்கில் மாட்டி, பெரும்பகுதி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. வேகம் கூடக் கூட, கஞ்சி கெட்டியாக இருக்க இருக்க, அந்த ஆப்பில் அழுத்தம் ஏறி ரோலைத் தூக்கப் பார்க்கும்; அதிகக் கஞ்சி தாண்டிப் போகும். கிரீப் எனும் ஊர்ந்து போகும் வேகத்துக்கு இறங்கினால் தூக்கும் விசை போய்விடும், பிழிய நேரமும் கிடைக்கும். அந்தத் துண்டில் கஞ்சி குறையும். போதாததற்குச் சிலிண்டரில் அது அதிகமாகக் காய்ந்தும் போகிறது. புது மெஷின்கள் வேகம் இறங்கும்போது ரோல் அழுத்தத்தையும் தானே இறக்கும். பழைய மெஷினில் கையால் இறக்க வேண்டும். இறக்குபவர் டீ குடிக்கப் போயிருந்தால் அந்த நாற்பது மீட்டர் தறிக்காரர் தலையில்.

கரண்ட் போய் அரை மணி நேரம் நின்றது. திரும்ப ஓட்டலாமா?

எதில் செய்த கஞ்சி என்பதைப் பொறுத்தது. ஸ்டார்ச் என்றால் யோசிக்க வேண்டும். ஸ்டார்ச்சில் இரண்டு வகைச் சங்கிலி: நேரான அமைலோஸ், கிளைவிட்ட அமைலோபெக்டின். சூடு இறங்கினால் அமைலோஸ் சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டி இறுகும். ஆறிய கஞ்சியின் மேல் ஆடை படர்வது இதனால்தான். அந்த இறுக்கம் மறுபடி சூடாக்கினாலும் முழுக்கக் கரையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மில்லில் இதைக் கண்ணால் பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போனது. குக்கருக்கும் சைஸ் பாக்ஸுக்கும் நடுவே இருந்த குழாயை யாரும் வடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை பம்ப்பைப் போட்டால் மோட்டார் முனகுகிறது, கஞ்சி வரவில்லை. ஃபிளாஞ்சைக் கழற்றியபோது குழாயின் அச்சிலேயே வெள்ளையாக ஒரு உருளை, கொழுக்கட்டை மாவு மாதிரி, ஒரு முழ நீளத்துக்கு வழுக்கி வெளியே வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் எட்டு மீட்டர் இருந்தது. மத்தியானம் வரை கம்பி விட்டுக் குத்தினோம். நின்றால் முதல் வேலை குழாயை வடித்து வெந்நீர் விடுவது. ஜெனரேட்டரைத் தேடுவது இரண்டாவது.

மரவள்ளியா, மக்காச்சோளமா?

நம் பக்கத்தில் சேலம், நாமக்கல்லில் ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதால் மரவள்ளி மாவு கைக்கெட்டும் தூரம். மரவள்ளியில் அமைலோஸ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, மக்காச்சோளத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம். அதனால் மரவள்ளிக் கஞ்சி தெளிவாக இருக்கும், ஆறினாலும் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. ஆனால் நூல் நூலாக இழுபடும். மக்காச்சோளக் கஞ்சி மங்கலாக, துண்டு துண்டாக விழும். சூடு இறங்கினால் கோபித்துக்கொள்ளும். கரண்ட் நிலவரம் மோசமான இடத்தில் நான் மரவள்ளிப் பக்கம் சாய்வேன். எதுவானாலும் பச்சை மாவாக வேண்டாம். அமிலத்திலோ ஆக்சிடைஸ் செய்தோ சங்கிலியை நறுக்கிய மாவுதான் 12 சதவீதத்தில் ஓடும்.

பிவிஏ கட்டி கட்டியாக நிற்கிறது. எவ்வளவு கிளறினாலும் கரையவில்லை.

வெந்நீரில் கொட்டியிருப்பீர்கள். கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது வீட்டில் என்ன செய்கிறார்கள்? மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் உலையில் ஊற்றுவார்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் வெளித்தோல் வெந்து, உள்ளே மாவு மாவாகவே இருக்கும். பிவிஏவும் அதேதான். பச்சைத் தண்ணீரைச் சுழலவிட்டு, சுழியின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். எல்லாம் நனைந்தபின் சூடேற்றுங்கள். ஹைட்ராலிசிஸ் 99 சதவீத ரகத்துக்கு 90 டிகிரிக்கு மேல் வேண்டும். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மீன் கண் மாதிரித் தெரிவது கரையாத மிச்சம்.

ராத்திரி முழுக்கக் கிளறிவிட்டேன், காலையில் நீர்த்துவிட்டது.

மூன்று காரணம் இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று, கிளறலால் தற்காலிகமாக இளகியிருக்கிறது. ஒரு டம்ளரில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் கெட்டி திரும்பிவிடும். பயமில்லை. இரண்டு, சங்கிலியே அறுந்திருக்கிறது. அதிவேகக் கிளறியும், சுற்றிச் சுற்றி ஓடும் பம்ப்பும் நீளச் சங்கிலிகளை நடுவில் அறுக்கும். டம்ளரில் வைத்தாலும் திரும்பாது. மூன்று, புளித்துவிட்டது. பாக்டீரியா விடும் அமைலேஸ் ஸ்டார்ச்சைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். நெய்தபின் கஞ்சி எடுக்க நாம் காசு கொடுத்து வாங்கும் அதே வகை என்சைம். முகர்ந்து பாருங்கள், பிஎச் தாள் ஒன்றை நனைத்துப் பாருங்கள். புளித்ததைப் புதிய கஞ்சியோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், புதியதும் புளிக்கும்.

ரியாக்டிவ் (துணியோடு வேதியியலாகப் பிணையும் சாயம்) பிரிண்டிங்குக்குப் போட்ட ஆல்ஜினேட் ஜவ்வரிசி மாதிரி திரிந்துவிட்டது. மூட்டை கலப்படமா?

தண்ணீரைக் கேளுங்கள் முதலில். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் சர்காசம் அந்தக் குடும்பம்தான். அதன் சங்கிலியில் எதிர்மின்னூட்டக் குழுக்கள் வரிசையாக இருக்கின்றன. கால்சியம் அயனிக்கு இரண்டு கை. இரண்டு சங்கிலியைப் பிடித்துச் சேர்த்துவிடும். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும் ஊரில் பசை போட்டால் கரைசலுக்குப் பதில் ஜெல்தான் வரும். ஸ்கிரீன் அடைபடும், பிரிண்டில் ஊசிப் புள்ளி விழும்.

ஆர்ஓ தண்ணீரோ மென்னீரோ பயன்படுத்துங்கள். கூடவே ஹெக்ஸாமெட்டாஃபாஸ்பேட்டைத் தண்ணீரில் முதலில் கரைத்து, பிறகு ஆல்ஜினேட்டைத் தூவுங்கள். திரிந்தபின் போட்டால் பாதிதான் பலன். ஆர்ஓ பிளாண்ட் பழுதான அன்று லாரித் தண்ணீர் வாங்கி ஓட்டிவிட்டு, மறுநாள் ஆல்ஜினேட் விற்றவரைத் திட்டிய பட்டறைகளை எனக்குத் தெரியும்.

கொத்தவரைப் பிசின் பாதி விலைக்குக் கிடைக்கும்போது ஆல்ஜினேட் எதற்கு?

ராஜஸ்தான் பக்கம் விளையும் கொத்தவரை விதைதான் அது, கெட்டியாக்குவதில் கில்லாடி. பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம் அடிக்கத் தாராளமாகப் போடலாம். ரியாக்டிவ் சாயம் மட்டும் துணியோடு பிடிப்பதற்குப் பதில் பிசினோடும் பிடித்துக்கொள்ளும். நிறம் போகும், துவைத்தாலும் பிசின் இறங்காது, துணி அட்டை மாதிரி நிற்கும். ஆல்ஜினேட்டின் மின்னூட்டம் சாயத்தை விலக்கி வைப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

பிக்மெண்ட் (துணிமேல் ஒட்டும் நிறத்துகள்) பசையில் கொஞ்சம் உப்பு விழுந்ததும் தண்ணீராகிவிட்டது!

சிந்தெட்டிக் திக்னர் (செயற்கைக் கெட்டியாக்கி) அப்படித்தான். முன்பு பிக்மெண்ட் பிரிண்டிங்கில் மண்ணெண்ணெய் எமல்ஷன் போட்டோம். இப்போது அந்த இடத்தில் அக்ரிலிக் துகள்கள். அம்மோனியா சேர்த்ததும் சங்கிலியில் மின்னூட்டம் ஏறி, ஒன்றை ஒன்று விலக்கி, துகள்கள் ஊதும். ஒரு சதவீதத்திலேயே பசை நிற்கும். உப்பு அந்த விலக்கலை மறைத்துவிடும், ஊதியது சுருங்கும். மேலும் திக்னர் போட்டுச் சமாளிக்கலாம், கட்டுப்படியாகாது. சாயம் எடுத்த கரண்டியைக் கழுவாமல் இதில் விடாதீர்கள்.

கிளறியின் தண்டில் பசை மேலே ஏறுகிறது. தண்ணீர் சுழி விழுமே, இது ஏன் தலைகீழ்?

பார்க்க வேடிக்கைதான். வைசன்பெர்க் 1940-களில் இதை விளக்கியதால் அவர் பெயரில் வழங்குகிறது. சுற்றி ஓடும்போது சங்கிலிகள் வட்டமாக நீண்டு ரப்பர் பேண்ட் மாதிரி இறுக்குகின்றன. அந்த இறுக்கம் பசையை நடுவுக்குத் தள்ள, அது தண்டில் ஏறுகிறது. ஓடுகிற திரவத்துக்குள் ரப்பர் குணமும் இருக்கிறது என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி. இப்படி ஏறும் பசை ரோலிலிருந்து பிரியும்போதும் அறாமல் இழை இழுக்கும். இழை கடைசியில் அறுந்து தெறித்து, டிசைனில் வால் வைத்த புள்ளியாக விழும். இந்தக் குணத்தைக் கப்பும் காட்டாது, ஸ்பிண்டிலும் காட்டாது. விரலால் தொட்டு மெல்லத் தூக்கி இழை எவ்வளவு நீளம் போகிறது என்று பார்க்கும் பழைய மேஸ்திரியின் வழியே மேல். வெட்கப்பட வேண்டாம், செய்யுங்கள்.

பசை தள்ள எந்த பம்ப்?

திருகு பம்ப் அல்லது லோப் பம்ப். சென்ட்ரிஃபியூகல் சங்கிலியை அறுக்கும். ஒரு நல்ல செய்தி: இளகும் பசைக்கு ஓட்டத்தை இரட்டிக்க அழுத்தத்தை இரட்டிக்க வேண்டாம். மேலே கணக்குப் போட்ட பசைக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் போதும். நின்றதைக் கிளப்பும் முதல் தள்ளுதான் சிரமம்.

பாலிமர் சேர்த்தால் குழாயில் ஓட்டம் லேசாகும் என்று எங்கோ படித்தேன். கெட்டியாகத்தானே ஆகும்?

இரண்டும் உண்மை. 1948-இல் டாம்ஸ் என்பவர் சொன்னது அது. கொந்தளித்து ஓடும் திரவத்தில் பத்து லட்சத்தில் சில பங்கு நீளச் சங்கிலி போட்டால், சுழல்கள் அடங்கி உராய்வு குறையும். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாயில் 1979 முதல் இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் குழாயில் கஞ்சி கொந்தளிப்பதே இல்லை, நகர்கிறது. அதனால் நமக்கு இதில் லாபமில்லை.

லாக் புத்தகத்தில் விஸ்காசிட்டிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. என்ன எழுதுவது?

கட்டத்தை அடித்துவிட்டு ஐந்தாகப் பிரியுங்கள்: எந்த ஸ்பிண்டில், 2 சுற்றில் எவ்வளவு, 20 சுற்றில் எவ்வளவு, எத்தனை டிகிரியில், வெந்து எத்தனை மணி நேரம் கழித்து. ஆறாவதாக, அன்றைய தொட்டித் தண்ணீரின் சூடு. பையன்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள். எங்கள் தளத்தில் முணுமுணுத்த பையன்தான் மூன்றாம் வாரம் ஓடிவந்து, "அண்ணா, 2 சுற்று எண் மட்டும் இறங்குது, 20 அப்படியே இருக்கு, மூட்டை மாத்திட்டாங்களா?" என்று கேட்டான். மாற்றியிருந்தார்கள்.